கம்பைல் டைமில் (புரோகிராம் ஓடும் முன், கம்பைலருக்குள்ளேயே) டேபிள் தயாரிக்கும்போது ஒரே நிரலைத் திரும்பத் திரும்ப எழுதுகிறோமே, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

ஃபிளாஷ்கஞ்சன்:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுடையதைப் போடுங்கள்.

மின்மீட்டர்களோடு மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசும் ஒரு சின்ன கேட்வே. மோட்பஸுக்கு 16 பிட் சிஆர்சி (டேட்டா கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்). ஃபர்ம்வேர் இமேஜைச் சரிபார்க்க சிஆர்சி-32. இரண்டுக்குமே 256 இடம் கொண்ட டேபிள். ஒன்று 512 பைட், மற்றது 1024 பைட். நான் அந்த புராஜெக்டுக்கு வந்தபோது இரண்டும் வெறும் எண்களாக ஃபைலில் ஒட்டிக் கிடந்தன. எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. அப்புறம் யாரோ நல்ல எண்ணத்தில் அவற்றை சி++இன் கான்ஸ்ட்எக்ஸ்பர் ஃபங்ஷன்களாக (கம்பைலரே ஓட்டிக் கணிக்கக்கூடியவை) மாற்றினார். மாற்றிய விதம்தான் வேடிக்கை: சிஆர்சி-16க்கு எழுதியதை அப்படியே காப்பி அடித்து, டைப்பையும் பாலினாமியலையும் (அந்தந்த சிஆர்சிக்கு உரிய மாறிலி எண்) மட்டும் மாற்றி சிஆர்சி-32. உள்ளே எட்டு முறை சுற்றும் அந்த லூப்பில் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

இதை ஒன்றாக்குவது சுலபம். ஃபங்ஷனை டெம்ப்ளேட்டாக, அதாவது ஒரு பொது அச்சாக எழுதினால் டைப் ஒரு டெம்ப்ளேட் பாராமீட்டர், பாலினாமியல் இன்னொன்று. இரண்டுமே வலப்பக்கம் ஷிஃப்ட் ஆகிற வகை என்பதால் ஒரே உடம்பு போதும். தொடக்க மதிப்பு இரண்டிலும் எல்லா பிட்டும் ஒன்று. சிஆர்சி-32இல் மட்டும் கடைசியில் எல்லா பிட்டையும் புரட்ட வேண்டும். அது டேபிளுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம், வெளியே இருக்கட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சோதனைதான். "123456789" என்ற ஒன்பது எழுத்துக்கு மோட்பஸ் சிஆர்சி 19255, சிஆர்சி-32 என்றால் 3421780262. இந்த இரண்டையும் ஸ்டாடிக் அசர்ட்டில் (கம்பைல் டைமிலேயே நடக்கும் சோதனை) எழுதிவிட்டால், யாராவது டேபிள் ஃபங்ஷனைத் தொட்டுக் கெடுத்த நிமிடமே பில்டு நின்றுவிடும். போர்டில் ஏற்றிப் பார்க்கவே வேண்டாம்.

பிறகு பூட்லோடருக்காக எக்ஸ்மோடம் (ஃபைல் அனுப்பும் ஒரு பழைய முறை) சிஆர்சி வந்தது. அது இடப்பக்கம் ஷிஃப்ட் ஆகும். திசையையும் ஒரு பாராமீட்டராக்கி, உள்ளே இஃப் கான்ஸ்ட்எக்ஸ்பர் (கம்பைல் டைமிலேயே கிளையைத் தேர்ந்தெடுக்கும் இஃப்) போட்டு, மூன்றையும் ஒரே டெம்ப்ளேட்டில் அடைத்துவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படிக்கிறவன் ஒவ்வொரு வரியிலும் "இப்போது எந்தத் திசை?" என்று யோசிக்க வேண்டியிருக்கும். அது தனி ஃபங்ஷனாகவே இருக்கிறது. பத்து வரி கூடுதல்தான், போகட்டும்.

இன்னொன்று: டேபிள் ஹெடரில் இருந்தது. சோர்ஸில் ஒரே இடம்தான். ஆனால் லிங்கரின் மேப் ஃபைலை (எது எங்கே வைக்கப்பட்டது என்ற பட்டியல்) பார்த்தால் அதே டேபிள் பல இடத்தில்! ஹெடரில் வெறும் கான்ஸ்ட்எக்ஸ்பர் என்று எழுதிய மாறிக்கு இன்டர்னல் லிங்கேஜ். அந்த ஹெடரைச் சேர்த்து டேபிளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனிப் பிரதி வரலாம். சி++17இல் வந்த இன்லைன் கான்ஸ்ட்எக்ஸ்பர் போட்டதும் ஒன்றாகிவிட்டது. மொத்த ஃபிளாஷே 64 கேபி இருக்கிற சிப்பில் இது சும்மா விடுகிற விஷயமில்லை.

கம்பைலர்தோஸ்து:

ஃபிளாஷ்கஞ்சன் அண்ணா சொன்னதில் டேபிளின் அளவு முன்கூட்டியே தெரியும், 256. அளவு தெரியாதபோதுதான் உண்மையான தலைவலி.

எங்களிடம் ஒரு கமாண்ட் லைன் கருவி. கமாண்டுகளின் பெயர்கள் ஒரே ஸ்ட்ரிங்கில் காற்புள்ளி போட்டு எழுதியிருக்கும். அதைக் கம்பைல் டைமிலேயே உடைத்து, வரிசைப்படுத்தி, அரேயில் வைக்க வேண்டும். சி++20இல் வெக்டரை (அளவு மாறக்கூடிய பட்டியல்) கம்பைல் டைமில் பயன்படுத்தலாமே என்று ஆசையாக ஆரம்பித்தோம். உடைக்கிற ஃபங்ஷன் வெக்டரைத் திருப்பித் தரும், எல்லாம் அழகு. ஆனால் அந்த வெக்டரை ஒரு கான்ஸ்ட்எக்ஸ்பர் குளோபலில் வைக்கப் போனால் கம்பைலர் விடாது. கம்பைல் டைமில் ஒதுக்கிய மெமரியை அதே கணிப்பு முடிவதற்குள் விடுவித்தாக வேண்டும். ரன்டைமுக்குத் தாண்டி வரக் கூடாது.

சரி, அரேயில் காப்பி செய்யலாம். அரேக்கு அளவு வேண்டும். அளவு தெரிய ஃபங்ஷனை ஒருமுறை கூப்பிட வேண்டும், நிரப்ப இன்னொருமுறை கூப்பிட வேண்டும். கமாண்டுகளுக்கு இப்படி ஐந்தாறு வரி. பிழைச் செய்திகளுக்கு அதே ஐந்தாறு வரி. செட்டிங்குகளுக்கும் அதே. நண்பர் ஒருவர் ஒரு படி மேலே போய், எண்ணுவதற்குத் தனி ஃபங்ஷன், நிரப்புவதற்குத் தனி ஃபங்ஷன் என்று எழுதி வைத்திருந்தார். காலியான துண்டை விட்டுவிட வேண்டும் என்ற விதியை ஒன்றில் மாற்றி, மற்றதில் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

பொது ஃபங்ஷன் எழுதலாம் என்றால் அடுத்த சுவர். வெக்டரைப் பாராமீட்டராக அனுப்பினால், உள்ளே அதன் அளவை வைத்து அரே டைப் எழுத முடியாது. கான்ஸ்ட்எவல் (கம்பைல் டைமில் மட்டுமே ஓடும்) ஃபங்ஷனாக இருந்தாலும் பாராமீட்டர் கான்ஸ்டன்ட் எக்ஸ்பிரஷன் ஆகாது. இங்கேதான் நிறையப் பேர் கைவிட்டு மேக்ரோவுக்கு (கம்பைல் ஆகும் முன் நிரலின் எழுத்தையே மாற்றிப் போடும் வசதி) போகிறார்கள்.

வழி இதுதான்: வெக்டரை அனுப்பாதீர்கள், வெக்டரைத் தயாரிக்கும் லாம்டாவை (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) அனுப்புங்கள். வெளியே இருக்கும் மாறி எதையும் கேப்சர் செய்யாத, அதாவது உள்ளே எடுத்து வைக்காத லாம்டா. அதைக் கூப்பிட அதனுள் எந்த மதிப்பையும் படிக்க வேண்டியதில்லை, அதனால் பாராமீட்டராக வந்தாலும் உள்ளே கான்ஸ்டன்டாகக் கூப்பிட்டு அளவை எடுக்கலாம். அந்த அளவில் அரே, பிறகு மறுபடி கூப்பிட்டு நிரப்பு. இரண்டு முறை கூப்பிடுவது அப்படியே இருக்கிறது, ஆனால் அதை எழுதுவது ஒரே இடத்தில். மூன்று டேபிளுக்கும் இப்போது ஆளுக்கு ஒரு வரி.

உள்ளே ஸ்ட்ரிங் வைக்காமல் ஸ்ட்ரிங் வியூ (வேறிடத்தில் இருக்கும் எழுத்துகளைச் சுட்ட மட்டும் செய்வது) வையுங்கள். ஸ்ட்ரிங்குக்கும் அதே மெமரிச் சிக்கல்தான். டேட்டா பெரிதானால் கம்பைலரின் கணிப்பு வரம்பில் இடிக்கும். ஜிசிசி கம்பைலரில் ஒரு லூப்புக்கு இயல்பான வரம்பு 262144 சுற்று, கிளாங்கில் மொத்தம் 1048576 படி. ஃபிளாக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

பழையசிஆள்:

நீங்கள் எல்லாம் மேக்ரோ என்றால் முகம் சுளிப்பீர்கள், தெரியும். எங்களுக்கு சி மட்டும்தான். பிழை எண்களின் ஈனம் (enum, எண்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியல்) ஒரு ஃபைலில், அவற்றின் பெயர்கள் ஸ்ட்ரிங் அரேயாக வேறு ஃபைலில், ஹேண்ட்லர்கள் (பிழை வந்தால் ஓடும் ஃபங்ஷன்கள்) மூன்றாவதில். நடுவில் ஒரு பிழை எண்ணைச் செருகினால் மூன்றிலும் அதே இடத்தில் செருக வேண்டும். ஒன்றில் மறந்தாலும் கம்பைலர் வாயே திறக்காது. லாகில் பக்கத்துப் பிழையின் பெயர் வரும்.

எக்ஸ்-மேக்ரோ என்ற உத்தி அதைத் தீர்த்தது. பட்டியல் ஒரே ஃபைலில், ஒவ்வொரு வரியும் எக்ஸ் என்ற மேக்ரோவின் அழைப்பு. எக்ஸ் என்பதற்கு ஒவ்வொரு முறையும் வேறு அர்த்தம் கொடுத்து அதையே மூன்று முறை இன்க்ளூட் செய்தால் ஈனம், பெயர், ஹேண்ட்லர் மூன்றும் வந்துவிடும். கிளாங் கம்பைலரே தன் டோக்கன் பட்டியலை இப்படித்தான் ஒரு டெஃப் ஃபைலில் வைத்திருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. எடிட்டரில் பெயரைத் தேடினால் கிடைக்காது என்பது மட்டும் உண்மையான தொல்லை. ஈனம் பெயர் எங்கே உருவானது என்று புதிதாக வந்தவர் அலைவார். பட்டியலுக்கு மேலே நாலு வரி கமென்ட் எழுதி வைத்தோம்.

துருப்பிடித்தவன்:

ரஸ்ட் மொழியில் கான்ஸ்ட் ஃபங்ஷனை (கம்பைல் டைமில் ஓடக்கூடியது) ரன்டைமிலும் அப்படியே கூப்பிடலாம் என்பதால் பாதிப் பிரச்சினை வருவதில்லை. ஆனால் அதற்குள் ஃபார் லூப் எழுத முடியாது, ஒயில் (while) லூப் போட்டுக் கையால் எண்ண வேண்டும். அதுவே 1.46இல்தான் வந்தது.

எங்களுக்கு இரட்டிப்பு வேறு இடத்தில் இருந்தது. பில்டு ஸ்கிரிப்ட் ஒரு சிஎஸ்வி ஃபைலைப் படித்து டேபிள் எழுதும். புரோகிராமும் பயனர் தரும் சிஎஸ்வியை அதே விதிகளோடு படிக்கும். இரண்டு பார்சர். பில்டு ஸ்கிரிப்ட் தனியாகக் கம்பைல் ஆகிறது, மெயின் கிரேட்டில் (கிரேட் என்றால் ரஸ்டில் தனியாகக் கம்பைல் ஆகும் ஒரு தொகுப்பு) இருப்பதை அது கூப்பிட முடியாது. பார்சரைச் சின்னத் தனி கிரேட்டாகப் பிரித்து, பில்டு டிபெண்டன்சியிலும் சாதாரண டிபெண்டன்சியிலும் சேர்த்தோம். முடிந்தது. புரோசீஜரல் மேக்ரோ (நிரலையே எழுதித் தரும் ரஸ்ட் நிரல்) எழுதலாம் என்று ஒருவர் கிளம்பினார், நல்லவேளை நேரம் இல்லை.

ஃபிளாஷ்கஞ்சன்:

தோஸ்து, அந்த லாம்டா முறையை இன்று முயன்றேன். எங்கள் டூல்செயின் ஜிசிசி 11. வெக்டரைக் கான்ஸ்ட்எக்ஸ்பரில் ஏற்கவில்லை.

கம்பைலர்தோஸ்து:

ஏற்காதுங்க அண்ணா, ஜிசிசி 12இன் லைப்ரரியில்தான் அது வந்தது. வெக்டருக்குப் பதில் தாராளமான அளவில் ஒரு அரேயும், எத்தனை நிரம்பியது என்ற எண்ணும் சேர்ந்த ஸ்ட்ரக்ட்டைத் திருப்பித் தாருங்கள். பொது ஃபங்ஷன் லாம்டாவை ஒரே முறை கூப்பிட்டு, அந்த எண்ணைப் பார்த்துச் சரியான அளவு அரேக்கு மாற்றிவிடும். சி++17 போதும். பெரிய அரே கம்பைலருக்குள்ளேயே முடிந்துவிடும், உங்கள் ஃபிளாஷுக்கு வராது. மேப் ஃபைலை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.