மாடியில் விறகடுப்பு மூட்டித் தரையை வெடிக்க விட்டவர் வேறு யாராவது உண்டா?

மடிப்பாக்கத்திலிருந்து:

இந்தப் பொங்கலை விறகடுப்பில்தான் வைக்க வேண்டும் என்று என் மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் மொட்டை மாடி முழுக்க வெயிலுக்காக வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. "அடியில் மண்ணையாவது கொட்டுங்க மாப்பிள்ளை" என்று அவர் சொல்லத்தான் சொன்னார். "டைல்ஸே சூளையில் வெந்து வந்ததுதானே அத்தை" என்று நான் சட்டம் பேசினேன். டைல்ஸ் மேலேயே மூன்று செங்கல் வைத்து, சவுக்குக் கட்டையைச் செருகி மூட்டியாகிவிட்டது.

பால் பொங்க இன்னும் நேரம் இருந்தது. பட் என்று ஒரு சத்தம். பக்கத்துத் தெருவில் எவனோ தீபாவளி மிச்சத்தைக் கொளுத்துகிறான் என்று நினைத்தேன். அடுத்த பட்டுக்கு ஒரு சில்லு பறந்து வந்து என் வேட்டியில் விழுந்தது. அடுப்புக்கு நேர் கீழே இருந்த டைல் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அப்படியே ஊற்றிவிட்டேன். பானை தப்பியது, தரை தப்பவில்லை.

மறுநாள் கொத்தனார் வந்து கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனார். உடைந்தது இரண்டுதான், ஆனால் சுற்றி இன்னும் இரண்டு டொக் டொக் என்றன. கீழே இருந்த ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் டைலைத் தூக்கியிருக்கிறதாம். அதற்கும் கீழே தண்ணீர் இறங்காமலிருக்கப் பூசிய கோட்டிங் கருகிச் சுருண்டு கிடந்தது. நான்கையும் பெயர்த்தாயிற்று. அடுத்த வருடமும் அத்தை விடமாட்டார். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

பெரம்பூரிலிருந்து:

எங்கள் வீட்டில் வெந்நீருக்குத் தாமிர பாய்லர்தான், பாட்டி காலத்துச் சாமான். நடுக்குழாயில் கரியும் சிராயும் போட்டால் சுற்றிலும் தண்ணீர் சுடும். தணல் அடித்தட்டின் கம்பி வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். பின்கட்டில் சிவப்புக் காவித் தரை. அப்பா கெட்டிக்காரத்தனமாக ஒரு இரும்புத் தகட்டை அடியில் போட்டார். ஆறு மாதம் கழித்துத் தகட்டைத் தூக்கினால், காவி பொருக்குப் பொருக்காகத் தகட்டோடு வருகிறது. இரும்பு தணலை நிறுத்துமே தவிர சூட்டை நிறுத்தாதே! அப்புறம் தகட்டின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு மணல் பரப்பினோம். அதோடு சரி, இன்று வரை தொந்தரவில்லை.

மயிலாப்பூரிலிருந்து:

நாங்கள் குடியிருந்த பழைய வீட்டில் மாடியில் அகல் விளக்கைத் தவிர எதுவும் ஏற்றக்கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கூரையை அண்ணாந்து காட்டினார். மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகள், அதன்மேல் சுண்ணாம்பில் குத்துக்கல்லாக நிறுத்திய செங்கல். மேலே தரை என்று நாம் நினைப்பது கீழே மரம்.

என் அனுபவம் வேறு, சாம்பலில். வேறு வீட்டுக்கு வந்தபின் முதல் நாள் பொங்கல் வைத்த அடுப்புச் சாம்பலை மறுநாள் காலை பிளாஸ்டிக் பக்கெட்டில் அள்ளினேன். கையில் சூடே தெரியவில்லை. மத்தியானம் பார்த்தால் பக்கெட்டுக்கு அடியே இல்லை, மாடித் தரையில் கறுப்பு வட்டம். சாம்பல் போர்த்திய கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். தகர டின், மூடி, திறந்த வெளி. வேறு பேச்சில்லை.

கொளத்தூரிலிருந்து:

கனடாவில் என் பெண் வீட்டுக்கூடத்திலேயே விறகு ஸ்டவ், அதுவும் மரத் தரை மேல்! போன குளிர்காலத்தில் போயிருந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாப்பிள்ளை டேப் வைத்து அளந்தே காட்டினார். அடியில் எரியாத பலகை, கதவுக்கு முன்னால் 450 மில்லிமீட்டர், மற்ற பக்கங்களில் 200 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டுமாம். கதவைத் திறக்கும்போதுதான் பொறி துள்ளும், அதனால் முன்பக்கம் அதிகம். பொறிக்கு மட்டும் தடுப்பு போதுமா, சூட்டுக்கும் தடுப்பு வேண்டுமா என்பது ஸ்டவ்வுக்கு ஸ்டவ் மாறும், கூட வரும் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான் அந்தப் பலகை ஓரத்தில் ஒரு சின்ன இழைக்கோலம் போட்டுவிட்டு வந்தேன்.

தாம்பரத்திலிருந்து (சிவில் படித்தவன், கொஞ்சம் நீளும்):

மடிப்பாக்கம் சார், உங்கள் தரையைக் கெடுத்ததில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. சிமென்ட் இறுகும்போது உள்ளே ஒருவகைச் சுண்ணாம்பு உருவாகிறது. சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது நீரை விட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றும்போது பார்த்திருப்பீர்களே, பொங்கி உதிரும். அதேதான் தரைக்குள்ளும் நடக்கும். இதனால்தான் சில இடங்களில் நெருப்பன்று ஒன்றும் தெரியாமல், நாலு நாள் கழித்துப் பூச்சு மாவாக உதிர்கிறது. தணலை மணல் போட்டு மூடுங்கள், தண்ணீர் வேண்டாம். கிரானைட் பலகை போடலாமே என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: அதிலுள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும், பலகை பிளக்கும்.

நான் செய்வது இது. கீழே ஒரு வரிசைச் செங்கல், இடையில் ஒரு விரல் சந்து விட்டு. அந்தச் சந்தில் காற்று ஓடுவதுதான் சூட்சுமம், அடைத்துவிடாதீர்கள். மேலே தகரம், தகரத்தின் மேல் மூன்று அங்குலம் காய்ந்த மணல், அதன்மேல் அடுப்பு. விறகு வெளியே நீட்டும் பக்கம் மணலை இன்னும் ஒன்றரை அடி நீட்டிவிடுங்கள், எரிந்த நுனி அங்கேதான் விழும். ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல் மட்டும் வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் அதுவும் வெடிக்கும்.

மடிப்பாக்கத்திலிருந்து:

நன்றி சார். அந்தச் சந்து விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மணல் இரண்டு மூட்டை இப்போதே வாங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டேன். டைல்ஸ்தான் அதே வெள்ளையில் கிடைக்கவில்லை, புதிய நான்கும் லேசாக மஞ்சளடிக்கின்றன. வடாம் காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம் அத்தை சரியாக அந்த நான்கின் மேல்தான் வந்து நிற்கிறார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை.