மார்க்கி தெ மோரெஸ்: முன்னோடியா, முரடரா?

மேய்ச்சல்நிலம்: பிரெஞ்சுக் குதிரைப்படை வேலையை விட்டுவிட்டு 1883-ல் அமெரிக்காவின் டகோட்டாவுக்கு வந்த பிரபு மோரெஸ் (‘மார்க்கி’ என்பது அவருடைய பிரபுப் பட்டம்). லிட்டில் மிசௌரி ஆற்றங்கரையில் மாட்டுப்பண்ணை வைத்தார், மனைவி மெடோராவின் பெயரில் ஓர் ஊரே கட்டினார். அன்று மாடுகளை உயிரோடு ரயிலேற்றிச் சிகாகோவுக்கு அனுப்புவார்கள். வழியில் மாடு இளைக்கும். தோலுக்கும் எலும்புக்கும் சேர்த்து ரயில் கூலி கொடுக்க வேண்டும். மேய்கிற இடத்திலேயே வெட்டி, குளிரூட்டிய பெட்டிகளில் இறைச்சியை மட்டும் கிழக்கே அனுப்பலாம் என்று இறங்கினார். என் கண்ணுக்கு அவர் முன்னோடிதான்.

இளவேனில்: யோசனை சரி, கணக்கு? புல் மட்டும் தின்ற மாடு இலையுதிர் காலத்தில்தான் நன்றாகக் கொழுக்கும். மற்ற மாதங்களில் இறைச்சிக்கூடத்துக்குப் போதிய மாடு ஏது? கிழக்கே இருந்தவர்களுக்கோ சோளம் தின்ற மாட்டின் ருசி பழகிவிட்டது. நியூயார்க் வங்கியாளரான மாமனாரின் பணம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

மேய்ச்சல்நிலம்: சிகாகோ இறைச்சி முதலாளிகளின் போட்டியை விட்டுவிட்டீர்களே!

கல்மரம்: நான் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவன். எனக்கு உறுத்துவது மோரெஸ் தன் நிலத்தில் போட்ட கம்பிவேலிதான். பத்திரப்படி நிலம் அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை வேட்டைக்காரர்கள் தடையில்லாமல் போய்வந்த வழி அது. வேலியை வெட்டினார்கள், பகை முற்றியது. 1883 ஜூன் 26 அன்று மோரெஸ் தரப்புக்கும் அவர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ரைலி லஃப்சி என்ற இளைஞர் செத்தார். அந்தக் கொலை வழக்கில் 1885-ல் மோரெஸுக்கு விடுதலை கிடைத்தது. போன உயிர் போனதுதான்.

மேய்ச்சல்நிலம்: லஃப்சியின் சாவை நான் நியாயப்படுத்தவில்லை, நண்பரே. தொழிலைப் பற்றித்தான் பேசுகிறேன். 1886-ல் மோரெஸின் இறைச்சிக்கூடம் மூடியது. அடுத்து வந்த கடும் பனிக்காலத்தில் பக்கத்துப் பண்ணைக்காரரான, பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் மாடுகளும் பெருமளவில் மடிந்தன. அந்த நிலத்தில் தோற்றவர் மோரெஸ் மட்டுமா?

இளவேனில்: தோற்றதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. பிரான்ஸ் திரும்பி யூத வெறுப்பு அரசியலில் இறங்கினாரே, அப்புறம் 1892-ல் அர்மான் மேயர் என்ற யூத ராணுவ கேப்டனை வாள் சண்டையில் கொன்றாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? கூடத்தின் புகைபோக்கி இன்றும் மெடோராவில் நிற்கிறது. அதைப் பார்த்து வியக்கிறவர்களுக்கு மேயரையும் லஃப்சியையும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் முதல் பதிவில் அந்த இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

மேய்ச்சல்நிலம்: சேர்க்கிறேன். முன்னோடி என்ற சொல்லை மட்டும் எடுக்க மாட்டேன்.