சண்டை வந்தால் குழு வளர்கிறது என்று அர்த்தமா?

காலி வீதி:
கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். போன மாதம் பயிற்சி தர ஒருவர் வந்தார். எந்தக் குழுவும் நாலு கட்டம் தாண்டித்தான் வளரும் என்று படம் போட்டுக் காட்டினார். முதலில் கூடுவது, பிறகு முட்டிக்கொள்வது, அப்புறம் ஒரு ஒழுங்குக்கு வருவது, கடைசியில் உருப்படியாக வேலை செய்வது. போர்மிங், ஸ்டோர்மிங், நோர்மிங், பெர்போர்மிங் என்று சுவரிலும் ஒட்டியாயிற்று. அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் "இது ஸ்டோர்மிங், தானாக அடங்கும்" என்பதுதான் பதில். டெஸ்டிங்குக்கு நாள் போதாது என்று ஒரு பிள்ளை கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கும் அதே பதில்தான். எனக்கு இந்த நாலு கட்டத்தில் நம்பிக்கை இல்லை. இருக்கிறவர்கள் வந்து சொல்லுங்கள்.

தாரணி (மனிதவளம்):
நான் இருக்கிறேன். இது அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் எழுதியது. உங்கள் மேலாளர் அதைப் பிழையாகப் பாவித்தால் அது டக்மனின் குற்றமா? புதிதாகப் பொறுப்பெடுத்தவர்கள் முதல் வாக்குவாதத்திலேயே பதறிப்போய் ஆளை மாற்று, குழுவைக் கலை என்று வந்து நிற்பார்கள். "கொஞ்சம் பொறுங்கள், இது எல்லா இடத்திலும் நடப்பதுதான்" என்று சொல்ல எனக்கு இந்தப் படம் உதவுகிறது. அதற்கு மேல் அதனிடம் நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

காலி வீதி:
எல்லா இடத்திலும் நடப்பது என்று எப்படித் தெரியும்? டக்மன் ஒரு குழுவின் பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்து அதை எழுதவில்லை. ஏற்கெனவே வெளிவந்த சுமார் 50 கட்டுரைகளைச் சேர்த்துப் படித்து அதிலிருந்து ஒரு வரிசையைப் பிரித்தெடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை மனநல சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. வேலைத்தலக் குழுக்கள் போன்றவை குறைவு என்று அவரே சொல்லியிருக்கிறார். தன் மனதைத் திறந்து பேச வந்தவர்கள் வட்டமாக உட்கார்வதும், வெள்ளிக்கிழமை ரிலீஸ் கொடுக்க வேண்டியவர்கள் உட்கார்வதும் ஒன்றா?

தாரணி (மனிதவளம்):
1977இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து, இடையில் வந்த ஆய்வுகளையும் பார்த்து, குழு கலைவதை ஐந்தாவது கட்டமாகச் சேர்த்தார். கல்வெட்டில் பொறித்ததுபோல அவர் விட்டுவிடவில்லை. சரி, உங்களிடம் இதைவிட நல்லது ஏதும் இருக்கிறதா?

காலி வீதி:
இருக்கிறது. குழுக்களை ஆராய்ந்த கொனி கெர்சிக், 1988. அவர் எட்டுக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்தார். ஒன்றுக்கு ஏழு நாள் தவணை, இன்னொன்றுக்கு ஆறு மாதம். முதல் கூட்டத்தில் எந்தத் தடத்தில் இறங்கினார்களோ அதே தடத்தில் பாதித் தவணை ஓடியது. தவணையின் நடுப்பகுதி வந்ததும்தான், ஐயோ பாதி போய்விட்டதே என்று பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வழி பிடித்தார்கள். எட்டிலும் அப்படித்தான். எல்லாரும் ஒரே நாலு படியில் ஏறவில்லை, அவர்களைத் திருப்பியது கலண்டர். எங்கள் டெஸ்டிங் பிள்ளை கேட்டதும் கலண்டரைப் பற்றித்தானே.

செட்டியார் தெரு:
இரண்டு பேரும் கூட்ட அறையை விட்டு வெளியே வரமாட்டீர்கள் போல. எங்கள் தாத்தா இந்தத் தெருவில் நகைப் பட்டறை வைத்திருந்த பத்தர். பழக வரும் பொடியனுக்கு முதலில் தங்கமே கையில் வராது. பட்டறையைக் கூட்டி, துகள் விழுந்த குப்பையை ஒரு சொட்டும் சிந்தாமல் அள்ள வேண்டும். பிறகு மெருகு போடுவது. அதன் பிறகு செம்புக் கம்பியில் அராவிப் பழகுவது. பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க விடுவதற்குள் அவனுக்கு மீசை முளைத்துவிடும். பாடம் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மானிடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவில் தையற்காரர்களிடம் பார்த்ததும் இதே ஒழுங்குதான். அங்கே பழக வருபவன் பொத்தான் தைப்பது, மடிப்புத் தேய்ப்பது என்று கடைசி வேலையில் தொடங்குவான், துணி வெட்டும் கத்தரி கடைசியில்தான் கைக்கு வரும். எட்டியன் வெங்கரோடு சேர்ந்து அவர் 1991இல் ஒரு புத்தகத்தில் சொன்னது இதுதான்: ஓரத்தில் நின்று சின்ன வேலையில் உண்மையாகவே பங்கெடுப்பவன் மெல்ல நடுவுக்கு வருகிறான். தனி ஆள் படிப்பதும் குழு வளர்வதும் அங்கே ஒரே காரியம்.

வெள்ளவத்தை டீச்சர்:
தம்பி, தாத்தாவின் பட்டறையை நன்றாகத்தான் சொன்னீர்கள். ஆனால் கூட்டிக்கொண்டே காலம் போன பொடியன்களும் இருந்திருப்பார்களே, அவர்களைப் பற்றி யார் கதைப்பது? அதே புத்தகத்தில் அமெரிக்க சுப்பர்மார்க்கெட் இறைச்சி வெட்டுபவர்களின் கதையும் இருக்கிறது. பழக வந்தவர்களைப் பொதி சுற்றும் மெஷினில் நிறுத்திவிட்டார்கள். வெட்டுகிற இடம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. ஓரத்தில் நின்றார்கள், ஓரத்திலேயே நின்றார்கள். பார்த்தால் வந்துவிடும் என்பது எல்லாருக்கும் கிடைக்கிற வசதி இல்லை.

எனக்கு சோவியத் உளவியலாளர் விகொட்ஸ்கிதான் சரிப்படும். 1934இலேயே இறந்துவிட்ட மனிதர். பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், தெரிந்த ஒருவர் கைகொடுத்தால் செய்ய முடிவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, கற்பது அங்கேதான் நடக்கிறது என்றார். இங்கே மண்டபம் நிறைந்த ரியூசன் வகுப்பில் மைக்கைப் பிடித்துப் பாடம் நடத்துகிறவருக்கு எந்தப் பிள்ளையின் இடைவெளி எங்கே என்று எப்படித் தெரியும்? எனக்கே நாற்பது பேர் என்றால் தெரிவதில்லை.

கொட்டாஞ்சேனை:
நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான். எங்கள் கூட்டங்கள் சிங்களத்தில் நடக்கும், இடையிடையே இங்கிலீஷ். எனக்குச் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், வாதாடப் போதாது. நாலு பேர் முட்டிக்கொள்வார்கள், மூன்று பேர் பார்த்துக்கொண்டிருப்போம். நாங்கள் சும்மா இருப்பதைப் பார்த்து, பொறுப்பாளர் "இப்போது எல்லாரும் ஒத்துப்போகிறோம்" என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். தாரணி அக்கா, உங்கள் படத்தின்படி அந்த மூன்று பேரும் எந்தக் கட்டம்?

தாரணி (மனிதவளம்):
நல்ல கேள்வி. அதற்கு டக்மனிடம் பதில் இல்லை, ஏமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரிடம் இருக்கிறது. தொண்ணூறுகளில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைப் பார்த்தார். நன்றாக நடக்கும் பிரிவுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவானதோ அங்கேதான் கூட. காரணம், அங்கே உள்ளவர்கள் பயப்படாமல் சொன்னார்கள். பிறகு 1999இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களைப் பார்த்தபோதும், பேசினால் தலை போகாது என்ற நம்பிக்கை உள்ள குழுக்களே கூடுதலாகக் கேட்டு, சரிபார்த்து, கற்றுக்கொண்டன.

காலி வீதி:
அக்கா, அப்படியென்றால் நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள். கட்டம் தானாக வராது. யாரோ ஒருவர் வாயைத் திறக்க விட வேண்டும்.

தாரணி (மனிதவளம்):
பாதி. பொறுமை வேண்டும் என்பதை நான் விடவில்லை. ஆனால் உங்கள் கெர்சிக்கைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் அடுத்த வேலை பெப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிகிறது. கணக்குப் பார்த்தால் நடுநாள் சித்திரைப் புத்தாண்டில் விழுகிறது, ஒருவரும் கொழும்பில் இருக்கமாட்டார்கள். ஏப்ரல் 10ஆம் திகதிக்கு முன்பே ஒரு மீளாய்வுக் கூட்டம் வைக்கலாம்.

கொட்டாஞ்சேனை:
எந்த மொழியில், அக்கா?

தாரணி (மனிதவளம்):
முதலில் அவரவர் மொழியில் எழுதி வாங்குவேன். அதை மூன்று மொழியிலும் வாசித்த பிறகுதான் பேச்சு.

காலி வீதி:
சுவரில் இருக்கும் படம்?

தாரணி (மனிதவளம்):
அது இருக்கட்டும். உங்கள் கம்பனியில் வேண்டுமானால் கழற்றுங்கள்.