தகடுதாங்கி வேண்டாம், தகடேந்தி என்போம்

கார் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய காரில் நம்மூர் இலக்கத் தகட்டை (நம்பர் பிளேட்டை) மாட்டும்போது, காருக்கும் தகட்டுக்கும் நடுவில் வைக்கிற இரும்புத் துண்டுக்கு என்ன பெயர்? இந்தக் கேள்விக்கு இதுவரை வந்த சொற்கள் தகடுதாங்கி, தகட்டுச் சட்டம், போதிகை. எனக்கு மூன்றிலும் உடன்பாடில்லை. திருகோணமலைக் கராச்சுகளில் 'பிராக்கெட்' என்கிறார்கள். பேச்சுக்கு அது போதும். ஆனால் மட்காட்டைப் பிடிப்பதும் பிராக்கெட், சைலன்சரைத் தூக்கிப் பிடிப்பதும் பிராக்கெட். பழுதுபார்ப்புக் கைநூல் எழுத உட்கார்ந்தால் எந்தப் பிராக்கெட் என்று ஒவ்வொரு வரியிலும் விளக்க வேண்டி வரும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒவ்வொரு நாட்டுக் காரிலும் அந்த நாட்டுத் தகட்டின் அளவுக்கு ஏற்றபடிதான் இடம் விட்டிருப்பார்கள். ஜப்பானில் சாதாரணக் காரின் தகடு 330க்கு 165 மில்லிமீற்றர், திருகுத் துளைகளுக்கு இடையே 210. அமெரிக்கத் தகடு 12க்கு 6 அங்குலம். பிரித்தானியாவில் இப்போதைய நீளத் தகடு 520க்கு 111 மில்லிமீற்றர். ஆகவே டட்சன் போன்ற பழைய ஜப்பான் கார் ஒன்றின் முன்பக்கம் நீளத் தகட்டை வைத்தால் இரண்டு பக்கமும் அந்தரத்தில் நிற்கும், துளைகளும் பொருந்தாது. இங்கேதான் சிலர் உடனே துளைபோடும் இயந்திரத்தைக் கையில் எடுக்கிறார்கள். குரோம் பூசிய பம்பரில் துளை போடுவதைப் போல ஒரு பாவம் கிடையாது. குரோமுக்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. துளை விழுந்த இடத்தில் இரும்பு வெளியே தெரியும். உப்புவெளிப் பக்கம் வீசுகிற கடற்காற்றுக்கு அது போதும், துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

விசயம் தெரிந்தவர்கள் பம்பரைத் தொடுவதில்லை. பம்பரை உடலோடு பிடித்திருக்கிற போல்டையே கழற்றி, வளைத்த பட்டை இரும்பின் ஒரு முனையை அதில் கோத்து மறுபடியும் முடுக்குவார்கள். மறுமுனையில் தகடு. நாளைக்குக் கார் கைமாறினாலும் கழற்றிவிடலாம், கார் பழையபடியே இருக்கும். நாம் பெயர் வைக்கப்போவது இந்தத் துண்டுக்குத்தான். 'காரில் புதிதாகத் துளையிடாமல், ஏற்கெனவே உள்ள பொருத்துகளைப் பற்றிக்கொண்டு, அளவு மாறிய தகட்டை ஏந்தி நிற்கும் இடைத்துண்டு' என்பது என் வரையறை. வரையறையில் தகராறு இருந்தால் அதை முதலில் தீர்ப்போம், அப்புறம் சொல்லைப் பார்க்கலாம்.

இனி அந்த மூன்று சொற்கள். தமிழ்நாட்டு நூல்களில் சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு பெயரிங்குக்குத் (ball bearing) 'தாங்கி' என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஒரே காரில் சில்லுக்குள்ளும் தாங்கி, பம்பரிலும் தாங்கி என்றால் படிப்பவர் குழம்புவார். 'தகட்டுச் சட்டம்' வடிவத்தைச் சொல்வதால் நல்ல சொல்தான். ஆனால் 'இலக்கத் தகட்டுச் சட்டம் 4' என்று உதிரிப்பாகப் பட்டியலில் எழுதிப் பாருங்கள், நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது போலிருக்கும்! போதிகைதான் எனக்கு மனக்குறை. கோயில் தூணின் தலையில் உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து நீண்டு நிற்கும் உறுப்பு அது. பொருளில் பிராக்கெட்டுக்கு இதைவிடக் கச்சிதமான சொல் கிடையாது. ஆனால் இலங்கைப் பாடநூல்கள் குண்டுப்போதிகை என்று அதைப் பெயரிங்குக்குக் கொடுத்துவிட்டன. பள்ளியில் படித்ததை இனி மாற்றச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆகவே 'ஏந்தி'. எடை அதிகமில்லாத ஒன்றைக் கையில் வைத்துக் காட்டுவதுபோல் நிற்பதற்கு ஏந்துதல் என்கிறோம். தகட்டின் வேலையும் கண்ணில் படுவதுதானே. மட்டக்களப்பு நண்பர் ஒருவர், புணர்ச்சி விதிப்படி 'தகட்டேந்தி' என்றுதான் வரவேண்டும் என்று எழுதியிருந்தார். 'தகட்டு விளக்கு' என்பதில் ஒற்று இரட்டிக்கிறதே என்பது அவர் கேள்வி. அங்கே பின்னால் வருவது பெயர். தகட்டை ஏந்துவது என்று இரண்டாம் வேற்றுமையில் வினை தொடரும்போது வழக்கு வேறு: நாட்டை ஆளும் மன்றம் நாடாளுமன்றம், 'நாட்டாளுமன்றம்' அல்ல. ஆடு மேய்ப்பவனும் அப்படித்தான். தகடேந்தி சரி.

காரின் உடலிலேயே தகட்டுக்கென்று தட்டையாகவோ குழித்தோ விட்டிருக்கும் இடத்துக்கு 'தகட்டுப் படுகை' என்று சென்னையிலிருந்து வந்த பரிந்துரையை அப்படியே ஏற்கிறேன். திருகின் தலைக்கு அடியில் வைக்கும் வளையமான வாசரை வாசராகவே விடுவோம். ஆனால் நைலோன் வாசர் என்று கைநூலில் அழுத்தி எழுத வேண்டும். அலுமினியத் தகட்டை இரும்புத் திருகு நேரே தொட்டால், உப்பு ஈரத்தில் திருகைச் சுற்றி அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். துறைமுக ஊரில் இது வீண் எச்சரிக்கை இல்லை.

'இலக்கத் தகடு' என்பதையே 'எண்பலகை' என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இலங்கையில் எடுபடாது. 1950களின் பிற்பகுதியில் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்ததும், அதை எதிர்த்துத் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதி வாகனம் ஓட்டியதும் இங்கே மூத்தவர்கள் வாயில் இன்னும் இருக்கிற கதை. அந்தச் சொல்லில் கைவைக்க நான் வரவில்லை.

மிச்சம் இருப்பது மினி என்ற சின்னப் பிரித்தானியக் காரின் தகடு. 1959இல் வந்த முதல் மினியின் டிக்கி மூடி கீழ்நோக்கித் திறக்கும். திறந்தபடியே அதன்மேல் சாமான் வைத்து ஓட்டலாம். அப்போது தகடு தரையைப் பார்த்துவிடாமல் இருக்க, மேல் விளிம்பில் கீல் வைத்து அதைத் தானாக நிமிர்ந்து தொங்கும்படி செய்திருந்தார்கள். அழகான யோசனை. இதற்கு, ஆடுகிற ஏந்தி என்ற பொருளில் 'ஆடேந்தி' என்று வந்த பரிந்துரையைப் படித்ததும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆள்தான் எனக்குத் தெரிந்தார். 'கீல்தகடு' அல்லது 'தொங்குதகடு' என்று வைக்கலாம். நான் இரண்டாவதன் பக்கம். மினி வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், பட்டியலில் தகடேந்திக்கு அடுத்த வரியை அதற்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.