வாய்ப்பாட்டைக் கலைத்துக் கேட்டால் நின்றுவிடுகிறாள், கணினியில் பயிற்சி கொடுக்கலாமா?

தேவகோட்டை அம்மா:

வணக்கம். மகள் நான்காம் வகுப்பு, தமிழ் வழி. ஏழாம் வாய்ப்பாட்டை ஓரேழு ஏழில் தொடங்கிக் கடைசி வரை மூச்சு விடாமல் சொல்வாள். ஆனால் நடுவில் எட்டேழு எவ்வளவு என்று கேட்டால் உதடு அசைய ஆரம்பித்துவிடும், முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டி வந்துதான் ஐம்பத்தாறு என்பாள். கூட்டலும் இதே கதைதான், 8+7 என்றால் கை மேசைக்கு அடியில் போய்விடுகிறது. இந்த வருஷம் வகுத்தலும் பெரிய பெருக்கலும் வந்துவிட்டதால் ஒரு கணக்கில் பாதி நேரம் இதிலேயே போகிறது, முறை சரியாகத் தெரிந்தும் விடை தப்பாகிறது, அப்புறம் கணக்கே எனக்கு வராது என்று அழுகை.

என் மாமியார், விளக்கு வைத்த பிறகு வளவில் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், தானாக வரும் என்கிறார்கள். அப்படித்தான் தினமும் சொல்கிறாள். சொல்வது வருகிறது, கலைத்துக் கேட்டால்தான் வரவில்லை.

என் தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி வீட்டில் இருக்கிறது, பழசு, ஆனால் ஓடுகிறது. கைப்பேசியில் தேடியபோது நிறைய செயலிகள் வந்தன, பாதியில் விளம்பரம், மீதியில் நாலு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறார்கள், விடை தெரியாமலே தட்டித் தட்டி நட்சத்திரம் வாங்கிவிடுகிறாள். இப்படிக் கணினியில் பழகினால் உண்மையிலேயே மனதில் நிற்குமா? இணையம் இல்லாமல் இலவசமாக ஓடக்கூடியது என்ன இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம்? பழகிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் டீச்சர் (ஓய்வு):

அம்மா, உங்கள் மகளுக்கு வரிசை தெரியும், தனித்தனி விடைகள் இன்னும் பதியவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. வரிசையாக எத்தனை முறை சொன்னாலும் வரிசைதான் பலப்படும், அதனால் மாமியார் சொல்வது முதல் படிக்குச் சரி, இப்போது உங்களுக்கு வேண்டியது அடுத்த படி. அதற்குக் கணினி நல்ல துணை, ஏனென்றால் அது அலுக்காமல் கலைத்துக் கலைத்துக் கேட்கும், நாம் கேட்டால் நம்மை அறியாமலே வரிசைக்குப் போய்விடுவோம்.

ஆனால் நிரலைத் திறப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துவிடுங்கள். வாய்ப்பாடு பெரிய மலை மாதிரி தெரிகிறது, உண்மையில் அவ்வளவு இல்லை. 2 முதல் 9 வரை எடுத்தால் 64 பெருக்கல். 6×7ம் 7×6ம் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டால் 36. இரண்டாம் வாய்ப்பாடும் ஐந்தாம் வாய்ப்பாடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும், அதைக் கழித்தால் 21. ஒன்பதுக்கு விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வரும் (27, 36, 54, 63), பத்து மடங்கில் ஒரு மடங்கைக் குறைத்தாலும் கிடைக்கும், அதையும் எடுத்தால் 15. மூன்றாம் வாய்ப்பாடு வந்துவிட்டது என்றால் மிச்சம் பத்தே பத்து: 4×4, 4×6, 4×7, 4×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. இந்தப் பத்தையும் எழுதி அவள் கண்ணில் காட்டுங்கள். இவ்வளவுதானா என்று பிள்ளையின் முகம் மாறுவதை வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

6×7ம் 7×6ம் ஒன்று என்பதை வாயால் சொல்லாமல் தரையில் காட்டுங்கள். வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் வேறு எதுவும் வேண்டாம், சுண்ணாம்புக்கட்டியால் ஆறுக்கு ஏழு கட்டம் கோடு போட்டு, இந்தப் பக்கம் நின்று எண்ணச் சொல்லுங்கள், அப்புறம் அந்தப் பக்கம் போய் நின்று எண்ணச் சொல்லுங்கள். அதே கட்டத்தில் ஐந்து வரிசைக்கு ஒரு கோடு போட்டால் 5×7 முப்பத்தைந்து, கூட ஒரு ஏழு, நாற்பத்திரண்டு என்பதும் தெரிந்துவிடும். கூட்டலில் 8+7க்குப் பத்தாக்கச் சொல்லிக்கொடுங்கள், ஏழிலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்தால் பத்து, மீதி ஐந்து. இது புரியாத பிள்ளையைக் கணினி முன் உட்கார வைத்தால் தப்பு தப்பு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும், ஏன் தப்பு என்று சொல்லாது.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து நடத்தச் சொன்னார்கள் இல்லையா, நிரலிலும் அதைத்தான் பார்க்க வேண்டும். நான்காம் வகுப்பு என்று போட்டிருப்பதைத் திறக்காதீர்கள், அவள் எந்த இடத்தில் நிற்கிறாளோ அங்கே தொடங்குங்கள். ஓடுகிற கடிகாரம் முதலில் வேண்டவே வேண்டாம்.

செக்காலை ரோடு:

அக்கா, எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி, மென்பொருள் வேலை, அண்ணன் பிள்ளைகளுக்கு இதை ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நாலு விடை காட்டும் செயலிகளை விட்டுவிடுங்கள். விடையைப் பார்த்து அடையாளம் காண்பதற்கும், ஒன்றுமே இல்லாத இடத்தில் மனதிலிருந்து எடுத்துத் தட்டுவதற்கும் நிறைய வித்தியாசம், பின்னதுதான் பதியும். எண்ணைத் தட்டச்சு செய்ய வைக்கிற நிரல்தான் வேண்டும், அதற்கு மடிக்கணினி கைப்பேசியைவிட வசதி.

டக்ஸ் மேத் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், விளம்பரம் இல்லை, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், பழைய கணினியே தாராளம். வானத்திலிருந்து வால்நட்சத்திரம் 6×8 என்று எழுதிக்கொண்டு இறங்கும், 48 தட்டி என்டர் அழுத்தினால் சுடப்பட்டுவிடும், விட்டால் கீழே பென்குயின் வீட்டில் விழும். பாடம் பாடமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், கூட்டல் மட்டும், குறிப்பிட்ட வாய்ப்பாடு மட்டும் என்று எடுக்கலாம். தவறவிட்ட கேள்வியை மறுபடியும் கொண்டுவரும், எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். ஜிகாம்ப்ரி என்று இன்னொன்று, கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் பராமரிப்பது, அதில் கணக்குத் தவிரப் பல விளையாட்டுகள் இருப்பதால் பிள்ளை வேறு பக்கம் போய்விடும், சின்ன தங்கை தம்பி இருந்தால் அவர்களுக்கு நல்லது.

இந்த இரண்டும் பழகத்தான். நாள் கணக்கில் மறக்காமல் இருக்க அன்கி என்ற கேள்வி அட்டை நிரல் நல்லது. டீச்சர் சொன்ன பத்தையும் பத்து அட்டையாக நீங்களே உள்ளிடுங்கள், விடையைத் தட்டச்சு செய்யும் வகை அட்டையைத் தேர்ந்தெடுங்கள். தெரிந்தது சில நாள் கழித்து வரும், தெரியாதது உடனே திரும்ப வரும். 1970களில் ஜெர்மனியில் செபஸ்டியன் லைட்னர் என்பவர் அட்டைப் பெட்டிகளை வைத்து இதே முறையைச் சொன்னார், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பினால் முதல் பெட்டிக்கு வந்துவிடும். மடிக்கணினி படுத்துவிட்டால் தீப்பெட்டிகளை அடுக்கிக்கூடச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. எக்செல் மாதிரி அட்டவணையில் ராண்ட்பிட்வீன் (தானாக ஏதோ ஒரு எண்ணை எடுத்துத் தரும் சூத்திரம்) போட்டு நானே கேள்வித்தாள் செய்கிறேன் என்று இறங்கினால், விடையை ஒரு கட்டத்தில் அடித்த உடனே எல்லா எண்ணும் மாறிவிடும், பிள்ளை குழம்பிவிடும். எண்களை நகலெடுத்து வெறும் மதிப்பாக ஒட்டிவிட்டுக் கொடுங்கள்.

இதெல்லாம் புதிதும் இல்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பிஸ் 1960களிலேயே, திரை கூட இல்லாத டெலிடைப் என்ற தட்டச்சுக் கருவியைத் தொலைபேசிக் கம்பியில் கணினியோடு இணைத்து, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளை எப்படிச் செய்தது என்று பார்த்து அடுத்த கணக்கு எளிதாகவோ கடினமாகவோ வரும். படமும் இல்லை, பாட்டும் இல்லை. அதனால் எந்த நிரலில் பொம்மை அழகாக ஆடுகிறது என்று பார்க்காதீர்கள், தப்பான கேள்வியைத் திரும்பக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நேரம் பத்து நிமிஷத்துக்குள், தினமும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் திங்கட்கிழமைக்கே பாதி போய்விடும்.

கானாடுகாத்தான் ஆச்சி:

பிள்ளைகளா, நான் கணினியை எதிர்க்கவில்லை, என் பேரனும் அதில்தான் படிக்கிறான். ஆனால் நம் பக்கத்தில் கணக்கு எப்படிப் பதிந்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஐயா சின்ன வயதிலேயே பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் வேலை பழகும் சிறுவனாகப் போனவர்கள். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர்கள், முழு எண் மட்டும் இல்லை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் வாய்ப்பாடுதான். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அப்போது ரூபாய்க்குப் 16 அணா, ஆகவே ஒரு ரூபாயில் மாகாணி ஒரு அணா. சுவடியில் படித்தது அடுத்த நாளே கடையில் வட்டிக் கணக்குக்கு வந்து நின்றது, அங்கே யாரும் வரிசையாகக் கேட்பதில்லை. இப்போது பிள்ளைக்கு அந்த உபயோகம் இல்லை, பணம் கூடக் கைப்பேசியில் போய்விடுகிறது. சந்தைக்குக் கூட்டிப் போங்கள், ஏழு முழம் பூ முழம் எவ்வளவு என்று அவள் கணக்குப் போடட்டும்.

இன்னொன்று, இது மனதில் பட்டதால் சொல்கிறேன். விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் எட்டாம் வாய்ப்பாடு சொல்லு என்று நிறுத்தாதீர்கள். தப்பு வந்தால் பெரியவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு வருஷக்கணக்கில் நிற்கும். கணினி சிரிக்காது. எனக்குத் தெரிந்து அதன் பெரிய நன்மை அதுதான்.

தேவகோட்டை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி பிரித்துப் பார்த்தோம், 4×8, 6×7, 6×8, 7×8 நாலுதான் திரும்பத் திரும்பத் தடுக்குகிறது, இவ்வளவு குறைவு என்று அவளே நம்பவில்லை. டக்ஸ் மேத் போட்டோம். கூட்டலில் சந்தோஷமாக ஆடினாள், பெருக்கலில் வால்நட்சத்திரம் இறங்க இறங்கப் பதற்றமாகிவிடுகிறாள், தெரிந்த விடை கூட வரவில்லை. செக்காலை ரோடு தம்பி, வேகம் வேண்டாம் என்றால் விரலை எண்ணியே ஓட்டிவிடுவாளே, என்ன செய்வது?

செக்காலை ரோடு:

அக்கா, வேகம் கடைசியில் வேண்டும்தான், ஏனென்றால் எண்ணிச் சொல்கிறாளா நினைவிலிருந்து சொல்கிறாளா என்பது நேரத்தில்தான் தெரியும். மூன்று வினாடிக்குள் வந்தால் நினைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்தை நீங்கள் பார்த்தால் போதும், அவளுக்குத் தெரிய வேண்டாம். பெருக்கலுக்கு இப்போதைக்கு அன்கி மட்டும், பக்கத்தில் உட்கார்ந்து எந்த அட்டையில் நிற்கிறாள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டக்ஸ் மேத்தில் கூட்டல் தொடரட்டும், பெருக்கல் பாடத்தை நாலும் பழகின பிறகு திறங்கள்.

பள்ளத்தூர் டீச்சர் (ஓய்வு):

தம்பி சொல்வது சரி, அந்த நோட்டில் நேரத்தோடு தப்பான விடையையும் அப்படியே எழுதுங்கள். நிரலுக்கு எல்லாத் தப்பும் ஒன்றுதான், நமக்கு அப்படி இல்லை. 6×8க்கு 42 என்றோ 54 என்றோ சொன்னால் பக்கத்து வரியை எடுத்திருக்கிறாள், நினைவு வேலை செய்கிறது, பழகினால் சரியாகும். 47 என்றால் கூட்டிக்கொண்டே போய் எங்கோ ஒன்று தவறியிருக்கிறது, அந்தக் கேள்விக்கு மறுபடி கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். நாலையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். 6×7, 6×8 இரண்டும் நாற்பதுகளில் வருகிறது, குழப்பும், அதனால் முதலில் 4×8, 7×8 இரண்டையும் ஏற்கெனவே தெரிந்தவற்றோடு கலந்து கொடுங்கள், அவை நின்ற பிறகு 6×8, அதுவும் நின்ற பிறகு 6×7. ஒவ்வொன்றும் நின்றதும் அதன் வகுத்தலையும் அட்டையில் சேர்த்துவிடுங்கள், 56ஐ 7ஆல் வகுத்தால் எவ்வளவு என்று. பள்ளியில் அவளுக்கு இப்போது தேவைப்படுவது அதுதான்.

தேவகோட்டை அம்மா:

சரி டீச்சர், இன்று ராத்திரி 4×8, 7×8 அட்டைகளை மட்டும் போடுகிறேன். வகுத்தல் அட்டையையும் அதே அன்கியில் விடையைத் தட்டச்சு செய்யும் வகையிலேயே போட்டுக்கொள்கிறேன். ஆச்சி, சனிக்கிழமை பூ வாங்கப் போகும்போது அவளையே பணம் கொடுக்கச் சொல்கிறேன், சில்லறையாக.