லண்டனுக்குப் புதுசா? முதல்ல ரெண்டு கால் மைலைப் படிங்க

லண்டன் வந்து மூணு வாரமாச்சு, மேப் இல்லாம வாசலைத் தாண்ட முடியல, ஊர் மனசுல ஒட்டவே இல்லைன்னு எழுதியிருந்தீங்களே தம்பி, அதுக்குத்தான் இந்த நீளமான பதில். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை மாத்தினது ஒரு கருப்பு டாக்ஸிப் பயணம்.

நான் வந்த முதல் டிசம்பர். நாலு மணிக்கே இருட்டிடுச்சு. தற்காலிகமா இருந்த அறையைக் காலி பண்ணிட்டு ரெண்டு பெட்டியோட ரோட்ல நிக்கிறேன், போன்ல சார்ஜ் இல்ல. கூரை மேல டாக்ஸி விளக்கு எரிஞ்சா வண்டி காலின்னு யாரோ சொன்னது ஞாபகம் வந்து கையைக் காட்டினேன். (மினிகேப்னு சொல்ற மத்த வாடகைக் காரை இப்படி நிறுத்த முடியாது, முன்பதிவு செஞ்சாத்தான். ரோட்ல வந்து 'டாக்ஸி வேணுமா'ன்னு கேட்கிறவங்க வண்டியில தயவுசெஞ்சு ஏறாதீங்க.)

டிரைவருக்கு அறுபது வயசு இருக்கும். முகவரி எழுதின துண்டுச் சீட்டை ஒரு தடவை பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார். முன்னாடி மேப் எதுவும் ஓடல. வழி தெரியுமான்னு கேட்டேன். கண்ணாடியில என்னைப் பார்த்து, "நாலு வருஷம் படிச்சேன்"னார்.

அந்தப் படிப்புக்கு 'நாலெட்ஜ்'னு பேர். கருப்பு டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு 1865-லேர்ந்து நடக்கிற தேர்வு. லண்டனுக்கு நடுவுல இருக்கிற சாரிங் கிராஸ்லேர்ந்து எந்தத் திசையில போனாலும் ஆறு மைல் வரைக்கும் இருக்கிற தெருவெல்லாம் தெரியணும், சுமார் 25,000. வாய்மொழித் தேர்வுல எதிரே இருக்கிறவர் ரெண்டு இடத்தோட பேரைச் சொல்வார், மேப் இல்லாம தெருத்தெருவா ஒப்பிக்கணும். 56 நாளுக்கு ஒரு முறை கூப்பிடுவாங்களாம், தேறத் தேற 28 நாள், அப்புறம் 21. பாடப் புத்தகத்துல 320 வழி. முதல் பாடம் மேனர் ஹவுஸ் ஸ்டேஷன்லேர்ந்து கிப்சன் ஸ்கொயர். "கிரீன் லேன்ஸ் இடது, பிரௌன்ஸ்வுட் ரோடு வலது, பிளாக்ஸ்டாக் ரோடு இடது"ன்னு பாராயணம் பண்ற மாதிரி சொன்னார். ஒவ்வொரு தெருவுக்கும் ஸ்டியரிங்ல கட்டைவிரலால ஒரு தட்டு. இவங்க மூளையில இட நினைவுக்கான பகுதி பெருசா இருக்குன்னு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரங்க 2000-ல ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டாங்க. அந்தக் கட்டைவிரலைப் பார்த்தவனுக்கு அதுல ஆச்சரியம் இல்ல.

"இவ்வளவையும் எப்படிங்க?"ன்னேன்.

"ஊரை யாரும் படிக்க முடியாது. புறப்படுற இடத்தைச் சுத்திக் கால் மைல், போய்ச் சேர்ற இடத்தைச் சுத்திக் கால் மைல், நடுவுல ஒரு வழி. டம்பெல் மாதிரி. அதை நல்லா தெரிஞ்சுக்கிட்டு அடுத்த டம்பெல்லுக்குப் போ. ஒருநாள் எல்லாம் தானா ஒண்ணோட ஒண்ணு சேரும்" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "சரியா போன தெரு மறந்துபோகும். தப்பா திரும்பின தெரு மறக்கவே மறக்காது" என்றார்.

படிக்கிறவங்க ஜோடி சேர்ந்துதான் படிப்பாங்களாம். ஒருத்தர் மேப்பைப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் ஒப்பிப்பார். அதைச் சொல்லிட்டு, "உனக்கு ஒப்பிக்க யார் இருக்கா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் வரல. எதிர் சீட்ல சாய்ச்சு வெச்சிருந்த பெட்டியையே பார்த்துக்கிட்டு வந்தேன்.

மறுநாளே ஆரம்பிச்சேன். வீட்டைச் சுத்திக் கால் மைல், ஆபீஸைச் சுத்திக் கால் மைல், போன் பைக்குள்ள. எங்க தெரு முனைத் தபால்பெட்டியில 'ஜி ஆர்'னு பொறிச்சிருக்கும், அடுத்த தெருவுல 'ஈ ஆர்'. அது போட்ட காலத்து ராஜா ராணி பேரோட எழுத்து. எனக்கு முதல்ல மனசுல நின்ன அடையாளம் அந்த ரெண்டு சிவப்புப் பெட்டிதான். நடக்கும்போதே ஜி.பி. சர்ஜரி, அதாவது குடும்ப டாக்டரோட கிளினிக், எங்கேன்னு பார்த்துப் பதிவு பண்ணிடுங்க. முகவரிச் சான்று கட்டாயம் இல்ல. ஒரு இடத்துல கேட்டாங்கன்னு நான் திரும்பி வந்து ரெண்டு மாசம் வீணாக்கினேன், நீங்க அப்படிப் பண்ணாதீங்க. நடுவுல இருக்கிற வழிக்கு டியூப் ரயில் உதவாது, பூமிக்கடியில என்னத்தைப் பார்க்கிறது? பஸ்ல மேல்தட்டு முன்சீட்டு. முதல்ல ஏறினதுலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும், அதே கார்டைக் காட்டினா ஒரே கட்டணம்தான். அதனால தப்பான பஸ்ல ஏறிட்டோமேன்னு பதற வேண்டாம், இறங்கி மாறிக்கலாம்.

ஒப்பிக்கிறதுக்கு எங்க அக்கா. முதல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, வாசல்லேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும் தெருத்தெருவா சொன்னேன். லண்டனையே பார்க்காதவங்க, மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. நடுவுல ஒரு தெருப் பேர் வரல. "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு"ன்னாங்க. கோட்டை மாட்டிக்கிட்டு இறங்கினேன்.

நீங்க எந்தப் பக்கம்னு சொல்லுங்க தம்பி. கிழக்கு லண்டன்னா இந்த ஞாயிறு நானே கூட நடக்க வரேன்.