மீனை மட்டுமே உண்ணும் விராலடிப்பான் உலகெங்கும் பரவியது எப்படி?

நாணற்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இரைகொல்லிப் பறவைகளைப் பற்றித் தொடர்ந்து படித்துவருகிறேன். ஒரே வகை உணவை நம்பி வாழும் உயிரினங்கள் பெரும்பாலும் குறுகிய பரப்புக்குள் அடங்கிவிடும் என்பது பொதுவான கருத்து. விராலடிப்பானின் உணவில் ஏறத்தாழ 99 விழுக்காடு மீன்தான். ஆனாலும் அண்டார்க்டிகாவைத் தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் அது காணப்படுகிறது. செத்தது, உயிருள்ளது என்று எதையும் தின்று பிழைக்கக்கூடிய கரும்பருந்துகூட அமெரிக்கக் கண்டங்களில் குடியேறவில்லை. அப்படியிருக்க, இவ்வளவு கட்டுப்பாடான உணவுப் பழக்கம் கொண்ட ஒரு பறவை இத்தனை தூரம் பரவியதற்கு என்ன காரணம்?

இதோடு சேர்த்து இன்னொரு ஐயம். பெரிய மீனைப் பற்றிவிட்டால் உகிர்கள் (கால்களின் கூர்நகங்கள்) பூட்டிக்கொண்டு, விடுவிக்க முடியாமல் இந்தப் பறவை நீரில் மூழ்கி இறந்துவிடும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதானா?

மழைக்காடு (மறுமொழி):

உங்கள் முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. மீனை ஒரே உணவாகக் கருதுவதால்தான் இது புதிராகத் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். விராலடிப்பான் குறிப்பிட்ட எந்த மீன் இனத்தையும் தேடிப் போவதில்லை. நன்னீரானாலும் கழிமுகமானாலும் கடலோரமானாலும், நீர்ப்பரப்பை ஒட்டி நீந்துகிற, சுமந்து செல்லத்தக்க எடையுள்ள எந்த மீனும் அதற்கு இரைதான். பெரும்பாலும் 150 முதல் 300 கிராம் வரை எடையுள்ள மீன்களையே அது பிடிக்கிறது. ஆழமற்ற, ஓரளவு தெளிந்த நீரும் அதில் நடுத்தர அளவு மீன்களும் இல்லாத கண்டம் எது? அண்டார்க்டிகாவை விட்டால் வேறொன்றும் இல்லை. போட்டியும் குறைவு. மீன் பிடிக்கும் கழுகுகள் பல உண்டு என்றாலும் அவை பெரும்பாலும் நீரின் மேற்பரப்பிலிருந்து மீனைப் பறித்துச் செல்பவை. உடல் முழுதும் நனைய நீருக்குள் பாய்ந்து பிடிப்பது இதற்கே உரிய தொழில்.

இரண்டாவது காரணம் வலசை. குளிர்காலத்தில் வடக்கு ஏரிகள் உறைந்துபோகும். உறையாத இடங்களிலும் மீன்கள் ஆழத்துக்கு இறங்கிவிடும். எனவே வட அமெரிக்காவிலும், ஐரோப்பா முதல் ஜப்பான் வரையிலான நிலப்பரப்பிலும் இனப்பெருக்கம் செய்யும் பறவைகளில் பெரும்பாலானவை தென் அமெரிக்கா, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா, தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளுக்கு வந்துவிடுகின்றன. மீன் ஆண்டு முழுதும் கிடைக்கிற கரீபியத் தீவுகள், செங்கடல், ஆஸ்திரேலியக் கடற்கரை போன்ற இடங்களில் வாழும் விராலடிப்பான்கள் வலசை போகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆஸ்திரேலியப் பகுதியில் உள்ளவற்றைத் தனி இனமாகவே கொள்ளும் அறிஞர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும், கழுகுகளும் பருந்துகளும் அடங்கிய குடும்பத்தில் சேராமல் இப்பறவை தனக்கென ஒரு குடும்பத்தையே கொண்டிருக்கிறது.

கூடு கட்டும் இடத்திலும் அது பிடிவாதம் காட்டுவதில்லை. பட்டுப்போன மரத்தின் உச்சி, கடலோரப் பாறை, மெக்சிகோவின் பாலைநிலத்தில் உயர்ந்த கள்ளிச் செடி, மின்கம்பம் என எதுவும் ஏற்றதுதான். நரி போன்ற விலங்குகள் எட்டாத செங்கடல் தீவுகளில் வெறுந்தரையிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. உணவில் மட்டும் கண்டிப்பு, மற்ற எல்லாவற்றிலும் தாராளம் என்பதுதான் அது பரவியதன் காரணம் என்பது என் கருத்து.

சதுப்புநிலம் (மறுமொழி):

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். உகிர்கள் பூட்டிக்கொள்ளும் என்பது உண்மையல்ல. விராலடிப்பான் தான் பற்றிய மீனை விரும்பும்போது விடக்கூடியது. தூக்க முடியாத மீனாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். சில நேரங்களில் பிடியைத் தளர்த்தாமல், விரித்த இறக்கைகளைத் துடுப்பாக வீசியபடி கரை வரை நீந்தி இழுத்துச் செல்லும். அப்படி நீரில் தத்தளிப்பதைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள் அது சிக்கிக்கொண்டதாக எண்ணியிருக்கலாம்.

இந்தத் தவறான எண்ணத்துக்குக் காரணமான கால்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்பறவையின் வாழ்க்கை முழுதும் அவற்றில்தான் இருக்கிறது. நான்கு விரல்களும் ஏறத்தாழ ஒரே நீளம் உடையவை. வெளிப்புற விரலை முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ள முடியும் என்பதால், முன்னே இரண்டு பின்னே இரண்டு என்ற நிலையில் மீனை இருபுறமும் பற்ற முடிகிறது. ஆந்தைகளுக்கு இந்த அமைப்பு உண்டு. பகலில் வேட்டையாடும் பறவைகளிடம் இது மிக அரிது. உகிர்கள் நன்கு வளைந்து, அடிப்பக்கத்தில் பள்ளமின்றி உருண்டையாக இருக்கும். பாதத்தின் அடித்தோலில் கூரிய சிறு முட்கள் நெருக்கமாக இருப்பதால் வழுக்கும் மீன் நழுவுவதில்லை.

வேட்டை இப்படித்தான் நடக்கும். நீருக்கு 10 முதல் 40 மீட்டர் உயரத்தில் வட்டமிட்டு, மீன் தென்பட்டதும் இறக்கைகளை அடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். பிறகு தலை கீழாகச் சரிந்து இறங்கி, நீரைத் தொடும் கடைசி நொடியில் கால்களை அலகுக்கு முன்னே நீட்டி உள்ளே பாயும். ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம்தான் அதன் எல்லை. நீருக்குள் இருக்கும்போது நாசித்துளைகள் மூடிக்கொள்ளும். மேலெழுந்ததும் பறந்தபடியே உடலை உதறி நீரைச் சிந்திவிட்டு, ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக வைத்து, மீனின் தலை பறக்கும் திசையை நோக்கியிருக்குமாறு திருப்பிக்கொள்ளும். காற்றின் தடை குறைவதற்காக அது செய்யும் இந்தச் சிறு மாற்றத்தை இருநோக்கி வழியாகத் தெளிவாகப் பார்க்கலாம். எல்லாப் பாய்ச்சலும் வெற்றி பெறுவதில்லை. இடத்தையும் பறவையின் அனுபவத்தையும் பொறுத்து, நான்கு முயற்சிகளில் ஒன்று முதல் பத்தில் ஏழு வரை மீன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நாணற்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை நுணுக்கமான வேட்டையையும், கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் வலசைப் பாதையையும் குஞ்சுகள் பெற்றோரிடமிருந்துதான் கற்றுக்கொள்கின்றனவா?

மழைக்காடு:

இல்லை, அதுதான் இப்பறவையிடம் என்னை மிகவும் வியக்க வைப்பது. பெரும்பாலும் மூன்று முட்டைகள். அடைகாப்பதற்கு ஐந்து வாரங்களுக்கு மேல் ஆகும். பொரித்த ஏழெட்டு வாரங்களில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும். அதுவரை மீன் கொண்டுவருவது பெரும்பாலும் ஆணின் பொறுப்பு. பல நேரங்களில் அது மீனின் தலைப்பகுதியைத் தான் தின்றுவிட்டு மிச்சத்தைக் கூட்டுக்குக் கொண்டுவரும். பெண் அதைத் துண்டு துண்டாகக் கிழித்து ஊட்டும். ஆனால் வலசைக் காலம் வந்ததும் தாய்தான் வழக்கமாக முதலில் கிளம்பிவிடும். தந்தை சில காலம் உணவளித்துவிட்டுத் தானும் போய்விடும். இளம்பறவைகள் ஒவ்வொன்றும் தனியாகவே புறப்படுகின்றன. எத்திசையில் போக வேண்டும் என்பது பிறவியிலேயே வருகிறது. நீரில் பாய்ந்து மீன் பிடிப்பதையும் அவை பெரும்பாலும் தாமாகவே பழகிக்கொள்கின்றன.

செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஐரோப்பியப் பறவைகள் மீனே கிடைக்காத சகாராவைக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா கடற்கரைகளை அடைவது பதிவாகியிருக்கிறது. முதல் பயணத்தில் காற்றால் திசைமாறிக் கடலுக்குள் போய் இறப்பவையும் உண்டு. தப்பியவை அடுத்த கோடையைத் தெற்கிலேயே கழித்துவிட்டு, பெரும்பாலும் இரண்டாம் வயதில்தான் பிறந்த பகுதிக்குத் திரும்புகின்றன.

தாழம்புதர் (மறுமொழி):

பரவியிருப்பதைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. 1950 முதல் 1970 வரையிலான காலத்தில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இப்பறவைகளின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. வயல்களிலும் சதுப்புகளிலும் தெளித்த டிடிடி பூச்சிக்கொல்லி நீரில் கலந்து, சிற்றுயிர்களிலிருந்து சிறுமீனுக்கும் அதிலிருந்து பெருமீனுக்குமாகச் செறிவடைந்து இப்பறவையின் உடலில் சேர்ந்தது. அதன் விளைவாக முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் நொறுங்கியது. மீனை மட்டும் உண்பதால் நஞ்சிலிருந்து தப்ப அதற்கு வழியே இல்லை. அமெரிக்கா 1972இல் டிடிடியைத் தடை செய்த பின்னர்தான் மீட்சி தொடங்கியது. அதே கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் இன்று பெருந்திரளாக வாழ்கின்றன. அவற்றில் பல, படகுகளுக்கு வழிகாட்டும் குறியீட்டுக் கம்பங்களிலும் மக்கள் அமைத்த மேடைகளிலும் கூடு கட்டியவை.

மழைக்காடு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன்: பல்லாயிரம் கிலோமீட்டர் பறக்கும் இப்பறவை, இழந்த இடத்தை மீண்டும் பிடிப்பதில் மிக மெதுவாகவே செயல்படும். இளம் ஆண்கள் தாம் பறக்கக் கற்ற பகுதிக்கு அருகிலேயே கூடு கட்டத் திரும்புவதுதான் காரணம். ஸ்காட்லாந்தில் 1954இல் மீண்டும் இனப்பெருக்கம் தொடங்கியும், பல பத்தாண்டுகள் வரை அவை தெற்கே இங்கிலாந்தின் மையப் பகுதியை எட்டவில்லை. எனவே 1996 முதல், பறக்கத் தொடங்காத குஞ்சுகளை ஸ்காட்லாந்திலிருந்து ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்டார்கள். அந்த நீர்த்தேக்கத்தையே சொந்த இடமாக ஏற்றுக்கொண்டு ஆப்பிரிக்கா போய்த் திரும்பிய பறவைகள் 2001இல் அங்கே குஞ்சு பொரித்தன.